கத்தரிப்பூ நிறத் திருகு

ஓசூர் சிப்காட்டின் பின்தெருவில் உள்ள கைக்கடிகாரப் பட்டறை. காலை வெயில் மேசைவரை வந்திருக்கிறது. உத்தனப்பள்ளி ரோஜாத் தோட்டக்காரர் மாதேஸ்வரன், பெங்களூர் மாலில் வாங்கிய இந்தப் பட்டறையின் கடிகாரத்தை, இங்கே வேலை செய்யும் காவேரியிடம் நீட்டுகிறார். ஒரு பைக்கின் விலை அதற்கு. வருடத்துக்கு நாற்பது கடிகாரம் மட்டும் இங்கே கையால் செய்த காலத்திலிருந்து வாங்கிச் சேர்க்கிறார், இது ஆறாவது. "மாலுக்கே போயிட்டீங்க. இனி எல்லாம் மெஷின்தானே?" என்கிறார். காவேரி பின்மூடியைத் திறந்து பூதக்கண்ணாடியைக் கொடுக்கிறாள். அவர் குனிகிறார். வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்துப் போகிறது. உள்ளே, சூடேற்றி நிறம் வரவைத்த மூன்று திருகுகள். இரண்டு கருநீலம். ஒன்று கத்தரிப்பூ நிறத்திலேயே நின்றுவிட்டது. "மூணும் ஒரே கலரா இல்லியே," என்கிறார் மெதுவாக. காவேரியின் காது சிவக்கிறது. "அடுப்புல இருந்து கொஞ்சம் முந்தி எடுத்துட்டேங்ணா. இப்பவே மாத்திடறேன்." திருப்புளியை எடுக்கிறாள். அவர் கை குறுக்கே வருகிறது. "அய்யோ, தொட்றாத தாயி! மெஷின் இப்பிடித் தப்பு பண்ணுமா? நீதான் பண்ணியிருக்க." மறுபடி குனிகிறார். பெருமூச்சு பட்டுக் கண்ணாடி மங்குகிறது, துடைக்காமலே பார்த்துக்கொண்டிருக்கிறார்.