விசிறி நூறு சதவீதம்
பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெரு மாடியில் விமலனும் லியோனலும் கூட்டாக நடத்தும் கல்யாண வீடியோ ஸ்டூடியோவில், திங்கட்கிழமை காலையிலேயே கணினியின் விசிறிகள் மோனோரயில் சத்தம்கூட அமுங்கும்படி இரைகின்றன. திரை மூலையில் வெப்பம் காட்டும் சிறு கட்டம்: முப்பத்தைந்து டிகிரி, விசிறி நூறு சதவீதம். சனிக்கிழமை விசிறியின் வேகத்தைக் கையால் நாற்பது சதவீதத்தில் வைத்துவிட்டுப் போனவன் விமலன். வீடியோ வேலை ஓடிக் கணினிப் பெட்டி கொதித்தால்தான் நூறு வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வெளிவேலை எடுப்பதில்லை என்பது அவர்களுக்குள் பேச்சு. என்றும் பத்தரைக்கு வரும் லியோனல் இன்று முன்னாலேயே வந்து, பிளாஸ்டிக் பையில் தே தாரிக் டீயை உறிஞ்சிக்கொண்டிருக்கிறான். "நேத்து இங்க வந்தியா?" என்கிறான் விமலன். "சண்டே யாரு லா வருவா? சர்ச் முடிஞ்சு வீட்லதான் இருந்தேன். வேணும்னா பொட்டியத் தொட்டுப் பாரு, ஜில்லுனு இருக்கு." விமலன் கையை நீட்டவில்லை. சூட்டைப் பற்றி அவன் இன்னும் எதுவுமே கேட்கவில்லை.