ஆரம்பத்திலிருந்தே

"செயிச்சமா தோத்தமா, அத மட்டும் சொல்லுங்க சார்" என்றாள் பரிமளா.

வக்கீல் அறிவரசன் கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். அரியலூர் வெயிலில் அதை மாட்டிக்கொண்டு யாருக்கும் கெட்ட சேதி சொல்ல முடியாது.

"வாய்ட் அப் இனிஷியோன்னு எழுதிட்டாரும்மா ஜட்ஜு."

"அப்படின்னா?"

"அப் இனிஷியோ லத்தீன் வார்த்தை. ஆரம்பத்துலேருந்தேன்னு அர்த்தம். உங்க கல்யாணம் ஆரம்பத்துலேருந்தே செல்லாது. மொத சம்சாரம் அமிர்தவல்லி உசுரோட இருக்காங்க. விவாகரத்தும் ஆவல. அதனால பாலசுந்தரத்துக்கு அவங்கதான் மனைவி. வாரிசு சர்ட்டிபிகேட்டுல அவங்க பேருதான் வரும்."

அந்தச் சர்ட்டிபிகேட்டில் 'மனைவி' என்ற இடத்தில் தன் பேர் வரவேண்டும் என்றுதான் பரிமளா ஐந்து வருஷமாகப் பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள். சோற்றுக்குத் தையல் மிஷின் இருக்கிறது. ஊரில் நாலு பேர் நாக்கு மேல் பல்லைப் போட்டு 'வச்சிக்கிட்டிருந்தவ' என்று சொல்லாமல் இருந்தால் அவளுக்குப் போதும்.

"எம் பொண்ணு சார்?"

"அவளுக்கு ஒரு கொறையும் இல்ல. அவரு மகதான்னு சட்டமே சொல்லுது."

"மக உண்டு, பெத்தவ மட்டும் கெடையாதா?"

"அப்படித்தாம்மா."

நல்ல சட்டம்தான், போங்கள்.

"பன்னெண்டு வருஷம் சார். கடேசி ரெண்டு வருஷம் பக்கவாதத்துல படுத்த படுக்கை. மூத்திரச் சட்டி எடுத்து, குளுப்பாட்டி, சோறு ஊட்டிவுட்டது யாருன்னு ஜட்ஜு கேக்கலியா?"

"தாலி கட்டின அன்னிக்கு என்ன நெலமைன்னுதான் பாப்பாங்கம்மா." அறிவரசனின் குரல் இறங்கியது. "வேணும்னா அப்பீலு போவலாம்."

"வேணாம் சார். கால் ஓஞ்சு போச்சு."

பஸ் ஸ்டாண்டில் அக்கா அவளுக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். கூடப் பிறந்த அக்கா இல்லை, கோர்ட்டு வராண்டாவில் கிடைத்த அக்கா. அவளுக்கும் ஐந்து வருஷமாக இங்கேதான் கேஸ். முதல் வருஷம் முழுக்கப் பரிமளா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் அடைமழை, இருந்தது ஒரே குடை, அதில் பேச்சு ஆரம்பித்தது. அதிலிருந்து வாய்தாவுக்கு வாய்தா புளிச்சோறும் துவையலும் இரண்டு பேருக்கும் சேர்த்தே வரும்.

"சாப்புடு" என்று பொட்டலத்தைப் பிரித்தாள் அக்கா.

"எறங்காதுக்கா."

"பேருக்கு ரெண்டு வாயி தின்னு. பஸ்ஸுல மயங்கி வுழுந்தீன்னா யாரு தூக்குறது?"

பரிமளா ஒரு வாய் எடுத்து வைத்தாள். அதற்கு மேல் முடியவில்லை. அழவும் தெம்பில்லை. சிமென்ட் லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. இரண்டு பேரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஆரம்பத்துலேருந்தே இல்லியாம்க்கா."

"நானுந்தான் காதால கேட்டேன்."

"அன்னிக்கே இல்லன்னு சொல்லியிருந்தா, அப்பவே எங்கம்மா வூட்டுக்குப் போயிருப்பேன். எல்லாத்தையும் வாழ்ந்து முடிச்சப்பறம் சொல்றாங்க. இனிமே அவரு போட்டோவுக்கு நான் பூ வைக்கலாமா, கூடாதான்னுகூடத் தெரியல."

"நீ வைக்காம வேற யாருடி வைப்பா?"

அக்கா அதைக் கோபமாகத்தான் சொன்னாள். யார்மேல் கோபம் என்று பரிமளாவுக்குப் புரிந்தது.

பெரம்பலூர் பஸ் வந்து நின்றது. பரிமளா எழுந்தாள். அக்கா பையை எடுத்துக் கொடுத்துவிட்டு, பிடித்த கையை விடாமல் நின்றாள்.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியே?"

"கேளுங்கக்கா."

"அவரு கடேசிச் சோத்துக்கு மோரு ஊத்திக்குவாரா, தயிரா?"

"மோருதாங்க்கா. உப்பு கொஞ்சம் தூக்கலா போடணும்."

"அடுத்த மாசம் அவரு தெவசம் வருது. இனிமே நாந்தான் படைக்கணும்னு எங்கண்ணன் நிக்கிறாரு. எனக்கு என்ன தெரியும்? எங்கூட இருந்ததே பத்தொம்பது நாளு" என்றாள், அன்று காலையில் பாலசுந்தரத்தின் மனைவி என்று தீர்ப்பு வாங்கிய அமிர்தவல்லி.