அரைப்பாடு

அவனுடைய வலது தோள் காலையிலிருந்தே குத்திக்கொண்டிருந்தது.

இருபத்திரண்டு வருஷம் மீன் பெட்டி தூக்கிய தோள். இப்போது பெட்டி இல்லை. குளிர்காலம் முழுக்க உல்லாசப் படகில் கயிறு பிடிப்பது, வந்தவர்களுக்குக் கனத்த குளிர்ச்சட்டை மாட்டிவிடுவது, வாந்தி எடுத்தால் கழுவுவது. அவ்வளவுதான். தோளுக்கு அது விளங்கவில்லை.

பிற்பகல் மூன்று மணி. வட நோர்வேயில் டிசம்பர். சூரியனைக் கண்டு மூன்று கிழமை.

திமிங்கிலம் பார்க்க வந்தவர்கள் முப்பத்தொரு பேர். மேலே துருவ ஒளியும் ஆடினால் நல்ல நாள் என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

கப்டன் ஐனார் இஞ்சினை நிறுத்தினான்.

இருட்டுக்குள் புஸ்ஸென்று ஒரு மூச்சு. அழுகின மீன் வாடை.

எல்லோரும் இடப்பக்கம் ஓடினார்கள். படகு சரிந்தது.

கரிய முதுகு ஒன்று எழுந்து புரண்டது. அடுத்தது வால் எழ வேண்டும். அதற்குத்தான் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

வால் பாதி வந்தது. தொப்பென்று திரும்ப விழுந்தது.

ஐனார் பெரிய விளக்கைத் திருப்பினான்.

வாலடியில் பச்சை வலை. சுற்றிச் சுற்றிச் சதைக்குள் இறங்கிய கயிறு. பின்னால் மிதப்புக்குக் கட்டிய ஒரு வெள்ளை எண்ணெய்க் கான் துள்ளித் துள்ளி வந்தது. ஐந்து லீட்டர்க் கான். கழுத்தில் இரட்டைச் சுருக்கு. பக்கத்தில் சிவப்புப் பெயின்ற் எழுத்து.

கயிற்றடியில் நின்ற அவன் கைப்பிடிக் கம்பியை விட்டான். பிறகு இரண்டு கையாலும் பிடித்தான்.

கனடாவிலிருந்து வந்த தமிழ்ப் புருஷன் பெண்சாதி இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள். சட்டை மாட்டும்போது அவனிடம் ஊர் விசாரித்தவர்கள். புருஷன் எட்டிப் பார்த்தான்.

"வதனி, இஞ்ச ஓடியா! தமிழெழுத்தப்பா! சலேத் மாதாவெண்டு கிடக்கு. எங்கட ஆக்கள் வட துருவத்தையும் விடேல்லை, வலை போட்டிட்டாங்கள்!"

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

வதனி சிரிக்கவில்லை. கயிறு அறுத்த இடத்தைப் பார்த்தாள். பிறகு கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த அவனைப் பார்த்தாள்.

சலேத் மாதா அவன் தகப்பனின் வள்ளம். எரிந்து முப்பது வருஷம். ஆனாலும் கடலில் எதைப் போட்டாலும் அந்தப் பேரை எழுதித்தான் போடுவான். கை அப்படிப் பழகிவிட்டது. இந்த நாட்டுச் சட்டமும் பேர் கேட்கிறது. விலாசமும் கேட்கிறது. பேரை எழுதினான், இங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்தில். விலாசத்தை விட்டுவிட்டான்.

போன மாதப் புயலில் அவன் தனக்கென்று போட்டிருந்த வலை போனது.

தொலைந்த வலையை உடனே அறிவிக்க வேண்டும். அவன் வாயே திறக்கவில்லை. சோறு போடுவது திமிங்கிலம் காட்டுகிற படகு. திமிங்கிலம் வருகிற வழியில் வலை போட்டவனை எவன் வேலைக்கு வைத்திருப்பான்? கடல் தின்றுவிடும் என்று இருந்துவிட்டான்.

கடல் தின்னவில்லை.

ஐனார் வயர்லெஸ்ஸில் கரைக்குப் பேசினான். அந்தப் பக்கத்திலிருந்து கேள்விமேல் கேள்வி. வலை எவ்வளவு நீளம்? ஈயம் எந்தப் பக்கம்? கயிறு என்ன தடிப்பு? இதெல்லாம் தெரியாமல் கத்தியோடு கிட்டப் போக முடியாது. வால் ஒருமுறை அடித்தால் ஆள் இல்லை.

ஐனார் தலையை வெளியே நீட்டினான். நீ வலைக்காரன்தானே, இது என்ன வலை, அது எந்த நாட்டு எழுத்து என்று அவனைக் கேட்டான்.

ஐனார் கானைக் காட்டியதிலேயே கேள்வி விளங்கி, வதனியின் புருஷன் பதில் சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவன் கம்பியை விட்டு ஒரு எட்டு முன்னுக்கு வந்தான்.

"என்ர" என்றான் அவன்.

தமிழில் வந்துவிட்டது. திரும்ப நோர்வே மொழியில் சொன்னான். என்னுடையது. முப்பது பாகம் நீளம். ஈயக்கயிறு கீழே. கானடியில் இரட்டைச் சுருக்கு, அதை முதலில் அறுத்தால் மேல்கயிறு கழன்றுவிடும்.

ஆறு குளிர்காலம் ஒரே பிளாஸ்கில் கோப்பி குடித்தவன் ஐனார். வயர்லெஸ்ஸை அவன் கையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

அவன் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னான். பேர். அதோடு விலாசமும்.

வெட்டுகிறவர்கள் வந்துசேர நாற்பது நிமிஷம். அதுவரைக்கும் திமிங்கிலத்தைக் கண்ணிலிருந்து விடாதே என்றது வயர்லெஸ்.

விளக்கு தண்ணீரைத் துழாவியது.

முதுகு இல்லை. மூச்சு இல்லை. கானும் உள்ளே போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து வானம் பச்சையாக விரிந்தது. வலையின் அதே பச்சை. தலைகளெல்லாம் நிமிர்ந்தன. கத்தினார்கள், கை தட்டினார்கள். வதனி மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை.

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றான். தோள் குத்துவது நின்றுபோனதுகூடத் தெரியவில்லை.

கானில் பேர் எழுதுவது சும்மா இல்லை. அவன் ஊரில், தொலைந்த வலையைக் கடலில் கண்டு கொண்டுவந்து தருகிறவருக்கு அடுத்த நாள் மீனில் பாதி. அரைப்பாடு என்பார்கள். அவர் கேட்கத் தேவையில்லை. அதைக் கொடுக்காமல் வலைக்காரன் திரும்பக் கடலில் இறங்க மாட்டான்.

வலையைத் திமிங்கிலம் கொண்டுவந்துவிட்டது.

அரைப்பாடு மீன் இன்னும் கொடுக்கவில்லை.