பெல்ட்டும் புல்லியும்

மெக்கானிக் ஹமீட் கார் எஞ்சினிலிருந்து கழற்றிய பெல்ட்டை விஜிதரனின் கையில் கொடுத்தார்.

உட்பக்கம் முழுக்க வெடிப்பு. ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. விரலால் மடக்கிப் பார்த்தபோது ஒரு துண்டு உதிர்ந்து செருப்பில் விழுந்தது.

“இதோட எப்பிடித் தம்பி இவ்வளவு நாளும் ஓடின நீங்க?”

விஜிதரன் உதிர்ந்த துண்டைச் செருப்பிலிருந்து தட்டிவிட்டான்.

காலையில் காரை ஸ்டார்ட் பண்ணினால் அது போடும் கீச்சலில் கல்லடியில் பக்கத்து வீட்டு நாய் எழும்பிக் குரைக்கும். சவர்க்காரக் கட்டியை எடுத்து பெல்ட்டில் தேய்ப்பான். அன்றைய பொழுது ஓடிவிடும். ஒருநாள் வெல்லாவெளியில், இரு பக்கமும் வயல் வட்டையாக இருந்த இடத்தில், கலியாண வீட்டுக்குப் போன குடும்பத்தோடு கார் நின்றுவிட்டது. பெண்கள் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்து போனார்கள். அதன் பிறகு அவனை வாடகை ஓட்டத்துக்கு, ஹயருக்கு, கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

ஹமீட் எஞ்சினுக்குள் கையை விட்டு, பெல்ட் சுற்றி ஓடும் புல்லிகளில் ஒன்றைச் சுழற்றினார். அது கரகரத்து நின்றது. அடுத்ததைத் தொட்டார். அது ஆடியது.

“பெல்ட்ட மட்டும் மாத்தினா இந்தப் புல்லியெல்லாம் சேர்ந்து அதையும் திண்டுபோடும். எல்லாத்தையும் ஒண்டா மாத்தத்தான் வேணும்.”

பிறகு, தலையைக் குனிந்துகொண்டு விலையைச் சொன்னார். அறுபத்தெட்டாயிரம். கூலியில் அவர் குறைத்திருந்தது விஜிதரனுக்குத் தெரிந்தது. அவர் ஏமாற்றியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

“பெல்ட்ட மட்டும் போடுங்க காக்கா. மத்தத மறுகா பாப்பம்.”

கராஜ் கூரையின் நிழலில் பழைய டயர் ஒன்றின் மேல் அவனுடைய மனைவி யசோதினி உட்கார்ந்திருந்தாள். அவள் எழும்பி வந்தாள்.

“மறுகா எண்டா ஆர் பாக்கிற?” என்றாள். “எல்லாத்தையும் மாத்துங்க காக்கா.”

கைப்பையைத் திறந்து அவளே காசை எண்ணிக் கொடுத்தாள். விஜிதரன் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றான். வீதியில் ஒன்றும் இல்லை.

சாமான் வாங்க ஹமீட் மோட்டார் சைக்கிளில் காத்தான்குடிக் கடைத்தெருவுக்குப் போனார்.

அவர் வரும்வரை யசோதினி ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னவளைக் குளிப்பாட்டும்போது காதுக்குள் தண்ணீர் போகவிடக் கூடாது. பெரியவன் பொய்தான் சொல்வான், பள்ளிக்கூடக் கொப்பியை வாங்கிப் பார்க்க வேண்டும். குசினிக் குழாய் ஒழுகுகிறது. விஜிதரன் எல்லாவற்றுக்கும் “ஓம், ஓம்” என்றான். நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை.

ஹமீட் திரும்பி வந்து புதிய புல்லிகளைப் பூட்டினார். புதிய பெல்ட்டை இழுத்துப் போட்டார்.

“இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி.”

சத்தமே இல்லை. எஞ்சின் ஓடுகிறதா என்று விஜிதரன் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. கார் வாங்கிய முதல் வருடத்தில்கூட அது இப்படி ஓடியதில்லை. அவனை அறியாமலே முகம் மலர்ந்தது. பொலன்னறுவை, திருகோணமலை, கதிர்காமம் என்று ஊர்கள் வரிசையாக மனதில் வந்தன.

அடுத்த கணம் தன் சிரிப்பு அவனுக்கே அருவருப்பாக இருந்தது. எஞ்சினை நிறுத்தினான்.

“ஏன் நிப்பாட்டின?” என்றார் ஹமீட், துணியில் கையைத் துடைத்தபடி. “இனி எங்கயும் பயமில்லாமப் போகலாம். காட்டுக்குள்ள ஆனைக்கு முன்னால நிக்கத் தேவையில்ல. தூர ஹயர் ஏதும் இரிக்கா?”

“வெள்ளிக்கிழமை கட்டுநாயக்கா.”

“எயார்போட்டா? நல்லம். ஆர் போற?”

விஜிதரன் இறங்கி வந்து பொனட்டை இழுத்துச் சாத்தினான். அது பூட்டிக்கொள்ளவில்லை. மறுபடி தூக்கிச் சாத்தினான்.

“நான்தான் காக்கா,” என்றாள் யசோதினி. “குவைத்துக்கு. வீட்டு வேலைக்கு.”

வெளிநாட்டுக்குப் போகிற பெண்களுக்கு ஏஜென்சி முன்கூட்டிக் கொடுக்கும் காசைப் பற்றி ஹமீட்டுக்குத் தெரியும். அவருடைய தங்கையும் அதை வாங்கிக்கொண்டு போனவள்தான். சட்டைப் பையிலிருந்து, அவள் கொடுத்த காசில் சில தாள்களை எடுத்து அவளிடம் நீட்டினார்.

யசோதினி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

நாவற்குடா தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. அந்தக் கீச்சல் இருந்திருந்தால் பேசாமல் இருப்பது இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

“இஞ்சாருங்க,” என்றாள் அவள், வெளியே பார்த்துக்கொண்டு. “என்ன விட்டிட்டு வரக்குள்ள வெறுங்காரா வராதீங்க. வெளிநாட்டால நம்மட பக்கத்து ஆக்கள் வந்து இறங்குவாங்க. ஆரையாவது ஏத்திட்டு வாங்க. டீசல் காசாவது மிஞ்சும்.”

“ஓம்,” என்றான் விஜிதரன்.

அதே வெள்ளிக்கிழமை கட்டாரிலிருந்து வந்து இறங்கும் ஏறாவூர்க்காரர் ஒருவரை ஏற்றி வருவதாக, அவன் நேற்றே பேசி முடித்துவிட்டதை அவளிடம் சொல்லவில்லை.