ஒரு பாய் அகல வானம்

“ஓடெல்லாம் வித்துத் தின்னுட்டா மதினி. வேற என்ன?” என்றாள் பஞ்சம்மாள்.

பிடியரிசிச் சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, அதை விற்று, வீடில்லாதவர்களுக்கு ஆறு ஓட்டு வீடு கட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள். நயா பைசா வந்த மறு வருசம் அது. குடியேறி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மூன்றாம் வீட்டுச் சுப்புத்தாயின் கூரையில், ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்கு ஓடுகளைக் காணோம்.

“நீங்க போய்ப் பாருங்க. நெசம்னா சாவியை வாங்கிட்டு வந்துருங்க. சந்தைப்பேட்டையில இன்னும் எம்புட்டுப் பேரு மரத்தடியில கெடக்காக.”

சொர்ணலட்சுமிதான் சங்கத்துக்குத் தலைவி. அடுப்பை அணைத்தோமா, கொல்லைக் கதவைச் சாத்தினோமா என்று திருத்தங்கல் ரோடு முழுக்க யோசித்துக்கொண்டே நடந்தாள். ஐப்பசி மழை வேறு வரப்போகிறது. சினைமாட்டைப் பற்றி மட்டும் கவலையில்லை. தொழுவத்துக்கு ஓடு போட்டாயிற்று.

சுப்புத்தாய் வாசலுக்கு வந்தாள்.

“வாங்கம்மா. மாடு கன்னு போட்டுருச்சா?”

மாடு சினையாயிருப்பது இவளுக்கு எப்படித் தெரியும்? ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரிகிறது.

“அது கெடக்கட்டும். ஓடு எங்க சுப்புத்தாயி?”

“அதுவாம்மா? எட்டு வருசமா மரத்தடியில படுத்துப் பழகிட்டேன். வானம் தெரியாட்டா ஒறக்கம் வர மாட்டேங்குது. அதான் எறக்கிட்டேன்.”

“எறக்குன ஓடு எங்கன?”

“இருக்கும், எங்கனயாச்சும்.”

“வெளயாடுறியா? மழை வந்தா என்ன செய்வே?”

“ஒத்தக்கட்டைதானம்மா. அந்த மூலையில இருந்து இந்த மூலைக்குப் பாயை இழுத்துக்கிட்டாப் போச்சு. வேர்த்துப் போய் வந்திருக்கீக. செத்த உக்காந்து மேல பாருங்க. அப்புறமா வையுங்க.”

வைவதற்கென்றே உட்கார்ந்தாள் சொர்ணலட்சுமி.

மேலே ஒரு துண்டு நீலம். அதன் ஓரத்தில் ஒரு பருந்து வந்தது, வட்டமிட்டது, போனது. ஒரு மேகம் அவசரமே இல்லாமல் ஒரு கழியிலிருந்து அடுத்த கழிக்கு நகர்ந்தது. தரையில் வெயில் குளம் மாதிரி கிடந்தது. நாரணாபுரம் பட்டாசு ஆலைப் பக்கம் யாரோ வெடி போட்டுச் சோதித்தார்கள். அந்தச் சத்தம்கூட பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. அடுப்பு, கொல்லைக் கதவு, மழை எல்லாம் எங்கேயோ தூரத்தில் இருந்தன. பிடியரிசியை வெள்ளையாகப் பொங்கி வானத்தில் கொட்டியதுபோல் இன்னொரு மேகம்.

திடுக்கிட்டு விழித்தாள். கண் அயர்ந்திருக்கிறாள்.

அந்தக் கூச்சத்திலேயே குரலைக் கடுமையாக்கினாள். “சங்கத்துல சாவியை வாங்கிட்டு வரச் சொல்லிட்டாக.”

சுப்புத்தாய் முந்தியை அவிழ்த்துச் சாவியை எடுத்தாள். “சங்கத்து வீடு. கேட்டாக் குடுக்கத்தானே வேணும்.” கொடுத்துவிட்டு, தான் பூசிய சுவரை ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

தெருவில் இறங்கியதும், கடைசி வீட்டு வேலுத்தாய் கையெல்லாம் பசையோடு ஓடிவந்து மறித்தாள்.

“சாவியை வாங்கிட்டீகளா? மொதல்ல எங்க கூரையைப் பாருங்கம்மா.”

முக்கால் கூரை பளிச்சென்று இருந்தது. மீதியில் ஓடுகள் கோணல்மாணலாக அடுக்கப்பட்டிருந்தன.

“ஓடு பத்தலைன்னு மேஸ்திரி பாதியிலேயே எறங்கிப் போயிட்டாரு. நான் தீப்பெட்டி ஒட்டித்தான் கஞ்சி குடிக்கேன். ஒரு தூத்தல் விழுந்தா ஒட்டுன பெட்டி பூராவும் கூழாயிரும். சுப்புத்தாயி அக்காதான் அது வீட்டு ஓட்டைப் பிரிச்சு இதுல அடுக்குச்சு.”

சொர்ணலட்சுமிக்கு என்னவோ போலிருந்தது. பால் காய்ச்சிய அன்று எல்லாரும் முதல் வீட்டோடு திரும்பிவிட்டார்கள். கடைசி வீடுவரை யாரும் நடக்கவில்லை.

“சங்கத்துல வந்து சொல்ல வேண்டியதுதானே?”

“அக்கா விடலையே. ஓடு ஏன் பத்தலைன்னு கேள்வி வருமாம். ஒரு நல்ல பொம்பளைக்குத் தலைகுனிவாப் போயிருமாம்.”

“எந்தப் பொம்பளைக்கு?”

“அதைச் சொல்ல மாட்டேங்குது. மிச்ச ஓடுன்னு யாரோ சொன்னாகன்னு, இந்த வீட்டுக்கு வந்த ஓட்டையே ஒரு வீட்டுக்கு அக்கா சொமந்துக்கிட்டுப் போச்சாம். உச்சி வெயில்ல அந்தம்மா உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு மோரு குடுத்தாகளாம். அம்புட்டுத்தான் சொன்னுச்சு.”

சொர்ணலட்சுமி அப்படியே நின்றாள்.

கட்டிட வேலையை மேற்பார்த்தது அவள் புருசன் தனுஷ்கோடி. “மிச்ச ஓடு சொர்ணம், கெடந்தா வீண்தானே” என்று அவர் சொன்னதும், சும்மாட்டுக்குக் கீழே முகம் தெரியாமல் ஒருத்தி சுமை சுமையாகத் தொழுவத்தில் இறக்கியதும், தான் அவளுக்குச் சொம்பு நிறைய மோர் கொடுத்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

திரும்பிப் போய், சாவியைச் சுப்புத்தாயின் பாயில் வைத்துவிட்டு வந்தாள்.

பொழுது சாயும்போது பஞ்சம்மாள் வாசலில் வந்து நின்றாள். “என்ன மதினி, வித்துத் தின்னுட்டாளா இல்லையா?”

“அவ தின்னலை பஞ்சம்மா. எங்க வீட்டு மாடு தின்னுருச்சு. வா, காட்டுறேன்.”

பின்கட்டில் தனுஷ்கோடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைசி ஓடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். வெறும் கழிகளுக்குக் கீழே சினைமாடு அசைபோட்டபடி, அப்போதுதான் முளைத்த முதல் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.