பிளம்பர் மொழிபெயர்த்த பிரசங்கம்

வெளிநாட்டுப் பிரசங்கியார் நாலு வாக்கியம் பேசிவிட்டு, இனி உன் பாடு என்பதுபோல் பிளம்பரைத் திரும்பிப் பார்த்தார். பிளம்பருக்கு அதில் ஒரு சொல்கூடப் புரியவில்லை.

எல்லாம் வாய்க்கொழுப்பால் வந்த வினை. அந்த நாட்டில் மூன்று வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவர், "அவங்க பாஷை எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று போகிற இடமெல்லாம் அளந்து வைத்திருந்தார். உண்மையில் அங்கே கூட இருந்தவர்கள் எல்லோரும் தமிழ் ஆட்கள். அவர் கற்றுக்கொண்டது "ஸ்பேனரை எடு", "சாப்பாட்டு நேரம்" இரண்டும்தான். ஆவி இறங்கி, சீடர்கள் தாங்கள் அறியாத பாஷைகளில் பேசியதைக் கொண்டாடும் பெந்தெகொஸ்தே நாளும் அதுவுமாக மொழிபெயர்ப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, பாஸ்டர் இவரைப் பிடித்து மேடையில் நிறுத்திவிட்டார்.

"ஆண்டவர் இன்னிக்கு மனுஷங்க வாய் மூலமா பேசப் போறார்" என்று பொத்தாம்பொதுவாக எடுத்து விட்டார் பிளம்பர். பாஸ்டர் வருஷா வருஷம் சொல்வதுதான். கூட்டம் "ஆமென்" என்றது.

அப்போதுதான் நாலாவது வரிசையில் அண்ணன் தெரிந்தார். ஒரே வீட்டில் அண்ணன் மாடி, தம்பி கீழே. வாசல் கதவுக்கு என்ன கலர் அடிப்பது என்ற சண்டையில், மாடிக்குப் போகிற தண்ணீர் பைப்பை மூடியவர் இவர். நாலு வருஷமாக அண்ணன் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, வாளியோடு படியேறுகிறார். அந்தக் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பிளம்பருக்கு நெஞ்சு உறுத்தும். வால்வைத் திறக்க ஒரு நிமிஷம் போதும், ஆனால் முதலில் அவர் பேசட்டுமே என்கிற வீம்பு.

ஆண்டவரே சொன்னால் அண்ணன் தட்டவா போகிறார்?

அந்த நேரம் பார்த்து ரிட்டயர்டு நர்சம்மா உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அதே நாட்டு ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் இருந்தவர். மேடை என்றால் மட்டும் காத தூரம் ஓடுவார். பிளம்பர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார்.

பிரசங்கியார் மறுபடி பேசி நிறுத்தினார். வந்தது வரட்டும் என்று ஆரம்பித்தார் பிளம்பர். "ஒரு வீட்டுல அண்ணன் மாடியில, தம்பி கீழ. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

நர்சம்மாவின் தலை மெல்ல ஆடியது. நல்லவேளை, தூங்கி விழுகிறார் என்று பிளம்பருக்குப் பாதி உயிர் வந்தது.

"தம்பி கோபத்துல தண்ணி பைப்பை மூடிட்டான். அண்ணன் வாளி தூக்கியே படியேறுறார்." அடுத்த முறை இன்னும் துணிந்து போட்டார். "யாரு பெரியவங்களோ அவங்கதான் இறங்கி வரணும்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வாளி தூக்கித் தூக்கி அவருடைய வலது தோள் ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தது. இத்தனை நாள் அதைக் கவனிக்கவில்லையே என்று பிளம்பருக்குச் சுருக்கென்றது. அதற்குமேல் அவர் வாய் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"இல்ல, இல்ல. தப்பு தம்பியோடது. அவன்தான் படியேறிப் போய் மன்னிப்புக் கேக்கணும்."

கூட்டம் முடிந்து கீழே இறங்கியபோது, கால்கள் தானாக நாலாவது வரிசைக்குப் போயின. "என்னை மன்னிச்சிருண்ணே. இப்பவே வந்து பைப்பைத் திறந்து விடுறேன்."

"முதல்ல சாப்பிட வாடா" என்றார் அண்ணன்.

வாசலில் நர்சம்மா வழிமறித்தார். "அவர் பேசினது, நீங்க பேசினது, ரெண்டையும் கேட்டேன்."

பிளம்பர் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, தெரியாம செஞ்சுட்டேன். பாஸ்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"சொல்லத்தான் போறேன். பைப், வாளி வரைக்கும் அவர் சொன்னதை அப்படியே சொன்னீங்க. பெரியவங்க இறங்கி வரணும்னு மட்டும் அவர் சொல்லவே இல்ல. நல்லவேளை, உடனே நீங்களே திருத்திட்டீங்க."