ஹாஜியார் கொண்டுபோன குற்றவாளி

"பைக்க ஓட்டினது நீதான். வெளங்கிச்சா?" என்றார் முனாஸ் ஹாஜியார்.

கடை வான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த முத்துவீரன் வேகத்தைக் குறைத்தான். "மொதலாளி, எனக்கு பைக் ஓட்டத் தெரியாதுங்களே!"

"தெரியாததாலதான்டா முட்டின!"

தம்முடைய கூர்மதியைத் தாமே மெச்சிக்கொண்டார் ஹாஜியார். உக்குவளைக் கடைத்தெருவில் மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர் அவர். மனிதர்களையும் அவ்வாறே வாங்கிவிடலாம் என்பது அவருடைய முப்பதாண்டு நம்பிக்கை.

முதல் நாள் மாலை, அவருடைய பதினாறு வயது மகன் ஸுஹைல், தந்தையின் மோட்டார் சைக்கிளைத் திருட்டுத்தனமாக எடுத்துச் சென்றான். தேயிலைத் தோட்டத்தில் வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த காத்தாயி என்பவள்மீது மோதிவிட்டு, நில்லாமல் ஓடிவந்தான். அவளுடைய கால் முறிந்துபோயிற்று.

ஹாஜியார் மோட்டார் சைக்கிளை மிளகுச் சாக்குகளுக்குப் பின்னே மறைத்தார். வீட்டாரின் வாயை அடைத்தார். பின்னர் நிம்மதியாக உறங்கினார். காலையில் கடையைத் திறந்து அமர்ந்தபோதுதான், மகன் தங்களிடம் இருப்பதாகப் பொலிஸிலிருந்து அழைப்பு வந்தது.

வழியில் மனைவி மஸூதாவை மூன்று முறை தொலைபேசியில் அழைத்தார். அவள் எடுக்கவில்லை. மயங்கி விழுந்திருப்பாள், அழுவதையன்றி வேறென்ன தெரியும் அவளுக்கு என்று உதட்டைச் சுழித்துக்கொண்டார்.

பொலிஸ் நிலையத்து நீள மர வாங்கிலில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் வாரிய தலையுமாக அமர்ந்திருந்தான் ஸுஹைல். தந்தையைக் கண்டதும் எழுந்தான்.

"வாப்பா, நான் எல்லாத்தையும்..."

"வாயப் பொத்து!"

பிரதேச சபை உறுப்பினர் ஒருவரின் சிபாரிசுக் கடிதத்தைப் பொறுப்பதிகாரியின் மேசைமீது விரித்துவைத்தார் ஹாஜியார். முத்துவீரனை முன்னே தள்ளினார். "சேர், முட்டினது இவன்தான். பயத்துல ஓடிட்டான். எங்கட புள்ள பச்சப் புள்ள. சைக்கிள்கூட ஒழுங்கா ஓட்டமாட்டான்."

அதிகாரி முத்துவீரனை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா ஓட்டின?"

"அப்படின்னு மொதலாளி சொல்றாருங்க."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, கடிதத்தை மடித்து ஹாஜியாரிடமே நீட்டினார். "ஓட்டினது யாருன்னு எழுதியாச்சு ஹாஜியார். கையெழுத்தும் வச்சாச்சு."

ஹாஜியாரின் முகம் கறுத்தது. எதிர்க்கடை நிஸ்தாரின் இளித்த வாய் அவர் கண்முன்னே வந்து நின்றது. எவ்வளவு காலமாக அவன் இதற்குக் காத்திருந்தானோ!

"காட்டிக்குடுத்தது நிஸ்தார்தானே, சேர்?"

"இல்ல."

"அப்ப யாரு? பேர மட்டும் சொல்லுங்க. யாரா இருந்தாலும் சரி, நாளைக்கு விடியக்குள்ள சட்டி பானையோட ஊர விட்டே அனுப்பிக் காட்டுறேன்! இந்த முனாஸ் யாருன்னு தெரியாமத்தானே வெளையாடியிருக்காங்க?"

அதிகாரி அடுத்த அறையைப் பார்த்தார். அங்கிருந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வந்து மகனருகே நின்றாள் மஸூதா. அவளுடைய கண்களில் ஒரு சொட்டுக் கண்ணீரும் இல்லை.

"நான்தான். எப்ப அனுப்புறீங்க?"